செயலற்றவை

பதினொரு மாதம்
நான்தான் தடவினேன்.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடைசிப் பேருந்தை ஸெர்ரோ பணிமனையில் நிறுத்திவிட்டு
விடிகாலை நாலரைக்கு வீட்டுக்குள் நுழைவேன்.
ஸுல்மா விழித்திருப்பாள்.
கணுக்காலுக்கு மேலே
நரம்பு புடைத்து வெடித்த புண்,
ஒரு பெஸோ காசு அகலம்.
கையை வெந்நீரில் கழுவி
மோதிரத்தைக் கழற்றிச் சோப்புக்குப் பக்கத்தில் வைத்து
களிம்பைப் பிதுக்குவேன்,
விரல் நுனியில் ஒரு பட்டாணி.

புண்ணைச் சுற்றிச் சிவந்தது.
இரண்டு பட்டாணி.
கொப்புளம் கிளம்பி நீர் கசிந்தது.
ஒரு கரண்டி.
அக்கறையை அளக்க
வேறு அளவு எனக்குத் தெரியவில்லை.

மருந்துக்கடை ஹேபெர் சொன்னார்:
"வேலை செய்கிறது, அதனால்தான் எரிகிறது."
நம்பினோம்.
எரிந்தால் ஆறும் என்று
யாரோ எப்போதோ எங்கள் காதில் போட்டிருக்கிறார்கள்.

அரிப்பு தாளாத இரவுகளில்
தகரத் தட்டில் பனிக்கட்டி நிரப்பி
அதன்மேல் காலை நீட்டி
ஜன்னலோரம் மாத்தே உறிஞ்சிக்கொண்டிருப்பாள்.
வெளியே ஆறு,
மறுகரை தெரியாத, செம்மண் நிற ஆறு.
என்னை எழுப்ப மாட்டாள்.
நானும் தூங்கியிருக்க மாட்டேன்.

மருத்துவர் இருரெத்தா காலைப் பார்க்கவே இல்லை.
"முதுகைக் காட்டுங்கள்" என்றார்.
சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு துளி சந்தேகம்:
நிக்கல், வாசனைத் தைலம், மரப்பிசின்,
கெட்டுப்போகாமல் காக்கிற ஏதோ ஒன்று.
பட்டைபோட்டு ஒட்டி
ஓரத்தில் ஊதாப் பேனாவால் எண் எழுதினார்கள்.
இரண்டு நாள் குளிக்கக் கூடாது.
ஜூலைக் குளிர்;
அவளுக்கு அதில் வருத்தமே இல்லை.

அவள் குப்புறப் படுத்திருக்க
நான் எண்களைப் படித்தேன்,
என் வண்டி இருக்கைகளைப் படிப்பதுபோல.
எந்த இருக்கைக்காரன்
கடைசி நிறுத்தத்திலும் இறங்க மாட்டான்?

பட்டையைப் பிரித்த அன்று ஒன்றுமில்லை.
நான்காம் நாள்
பதினான்கு சிவந்திருந்தது.

ஆட்டு ரோமத்தின் கொழுப்பு.

ஸுல்மா சிரித்துவிட்டாள்.
இருபத்திரண்டு வருடம் கம்பளிக் கிடங்கில்
தரம் பிரித்த கை அவளுடையது.
அந்தக் கொழுப்பில் ஊறிய கை.
"என்ன பூசுகிறாய்" என்று
பக்கத்து வீட்டுப் பெண்கள் பொறாமையோடு கேட்ட கை.

"முழுத் தோல், சாத்திய கதவு" என்றார் மருத்துவர்.
"புண் அப்படியில்லை.
திறந்த கதவு வழியே வந்தவரை
உடம்பு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளும்."

அன்றிரவு பெட்டிக்குள்ளிருந்த காகிதத்தை விரித்தேன்,
எட்டாக மடித்த காகிதம்.
செயல்படும் மருந்து: ஒரு வரி.
செயலற்றவை: ஏழு வரி,
எறும்பு வரிசை எழுத்தில்.
மூன்றாம் வரியில் இருந்தது ஆடு.

செயலற்றவை.
என்னமாய்ச் செயல்பட்டிருக்கிறது.

மருந்து வெறும் பயணி.
பாவம், அது ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது.
மோதியது வண்டி.
இருபத்தாறு வருடமாய் ஒரு கீறல் விழாமல்
நகரத்தை ஓட்டிக் காட்டியவன் நான்.
அந்த வண்டியையும் நான்தான் ஓட்டினேன்,
இரவுக்கு ஒருமுறை,
கை கழுவிவிட்டு.

ஸுல்மா ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, விளக்கை அணைக்கப் போகும்போது,
"உன் விரல் குளிர்ச்சியாகத்தான் இருந்தது" என்றாள்.
அது மன்னிப்பா என்று கேட்கவில்லை.

இப்போது மருந்துக்கடையில்
பூதக்கண்ணாடியோடு நிற்கிறேன்.
பின்னால் வரிசை முணுமுணுக்கிறது.
ஹேபெர் என் கண்ணைப் பார்ப்பதில்லை.
ஒரே ஒரு பொருள் மட்டும் எழுதியிருந்த
வெள்ளை டப்பா கிடைத்தது. வாசலின்.
அதற்கு மணம் இல்லை, விளம்பரம் இல்லை.

புண் பாதிக் காசாகிவிட்டது.

அவளே தடவிக்கொள்கிறாள், கொஞ்சமாக.
"நீ போய்ப் படு" என்கிறாள்.
பழக்கத்தில் மோதிரத்தைக் கழற்றிவிட்டு
டப்பாவின் மூடியைப் பிடித்துக்கொண்டு
நின்றுகொண்டிருக்கிறேன்.